முழங்காலுக்கு நடைதான் மருந்து, நடைபாதை எங்கே?

முழங்கால் வலி, சர்க்கரை, இடுப்பு வலி, பக்கவாதம் வந்து தேறியவர்கள் என்று எங்கள் பிஸியோதெரபி கிளினிக்குக்கு யார் வந்தாலும், பயிற்சிகளுக்குக் கீழே கடைசி வரியாக நான் எழுதுவது பெரும்பாலும் ‘தினமும் நடக்கவும்’ என்பதுதான். பெங்களூர் அல்சூர் பக்கம் கிளினிக் என்பதால் வருகிறவர்களில் தமிழர்கள் அதிகம். மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன், ஜோகுபாளையம், சிவாஜிநகர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறார்கள். மறுமுறை வரும்போது “நடந்தீங்களா?” என்று கேட்டால் சோம்பலைக் காரணம் சொல்பவர்கள் குறைவு. கல் பெயர்ந்து கிடக்குது, ஃபுட்பாத் மேலேயே வண்டி வருது, ரோட்டைத் தாண்ட பயமா இருக்கு, இவைதான் காதில் விழும்.

ஒரு அம்மாவை அவர் மகன் காலையில் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் அல்சூர் ஏரிக்கரையில் விடுகிறார். அங்கே அரை மணி நேரம் நடை, அப்புறம் ஸ்கூட்டரில் வீடு. ஆனால் கூப்பிடு தூரத்தில் இருக்கும் காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் ஆட்டோதான். “நடக்கிறதுக்கே வண்டியில போறேன், சிரிக்காதம்மா” என்றார். சிரிக்க என்ன இருக்கிறது? வயதானவர்கள் இருக்கும் பல வீடுகளில் இதே கதைதான்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்று சொல்லிவந்தார்கள். 2020-ல் வெளியான வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பால் வாங்க நாலு நிமிஷம், பஸ் ஸ்டாப்புக்கு ஆறு நிமிஷம், கொஞ்சம் வீசி நடந்தால் எல்லாமே சேரும். பூங்காவிலும் ஏரிக்கரையிலும் நடைத்தடம் போடுவது நல்லதுதான். ஆனால் மக்களை நடக்க வைக்க அரசு திட்டம் போடுகிறது என்றால், அது முதலில் வீட்டு வாசலுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பார்க்க வேண்டும் என்பேன்.

அந்தத் தூரத்தில் என்ன இருக்கிறது? சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட பாதசாரி வழிகாட்டுதலின்படி, நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. பெங்களூரின் பல தெருக்களில் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலுக்குப் போட்ட மூடிதான். வடிகாலுக்கு எவ்வளவு உயரம் தோதோ அதுவே நடப்பவருக்கும் உயரம். போதாததற்கு ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் கார் ஏற ஒரு சரிவு, அடுத்த வீட்டுக்கு மறுபடி மேடு, நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். சமதளத்தில் நடக்கும்போது முழங்கால் மூட்டு தாங்கும் பாரம் உடல் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது அது மூன்றரை மடங்கை நெருங்கும். மூட்டு தேய்ந்தவர் நாலு வீட்டைத் தாண்டுவதற்குள் நாலு முறை ஏறி இறங்கினால், நான் எழுதிக் கொடுத்த நடை அங்கேயே கெட்டது. அவர் ரோட்டில் இறங்கி நடக்கிறார். வண்டி ஓட்டுகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுகிறார்கள். மூட்டைப் பொறுத்தவரை அவர் செய்தது சரி.

உயிரைப் பொறுத்தவரை வேறு கணக்கு. 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

ரோட்டைத் தாண்டுவதையும் சொல்லிவிடுகிறேன். சிக்னலில் பாதசாரிக்கு நேரம் ஒதுக்கும்போது வழக்கமாக விநாடிக்கு 1.2 மீட்டர் நடை வேகத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். நாலு லேன் ரோடு சுமார் 14 மீட்டர், அதற்கு 12 விநாடி போதும் என்று வரும். பக்கவாதத்திலிருந்து தேறிவரும் பலருக்கு விநாடிக்கு 0.8 மீட்டர் வருவதே பெரிய விஷயம். அவருக்கு 17, 18 விநாடி வேண்டும். முதல் அடி எடுத்து வைக்கத் தயங்கும் நேரம் இதில் சேராது.

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதுதான் நோக்கம் என்று தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே சொல்லிவிட்டது. பெங்களூரிலேயே சாலைகளைப் புதுப்பிக்கும் டெண்டர்ஷ்யூர் திட்டத்தில் ரெசிடென்சி ரோடு, கன்னிங்ஹாம் ரோடு, விட்டல் மல்லையா ரோடு எல்லாம் மாறின. குழாயும் கேபிளும் அடியில் ஒழுங்காகப் போக, மேலே அகலமான நடைபாதை கிடைத்தது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் வீடு அந்த மெயின் ரோடுகளில் இல்லை, அல்சூர் பஜாருக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் இருக்கிறது. வெளிவட்டச் சாலையில் 2020-ல் தடுப்புக் குச்சிகள் நட்டு சைக்கிள் பாதை பிரித்தார்கள். அப்புறம் அதே சாலையில் மெட்ரோ வேலை வந்தது, சைக்கிள் பாதை போன இடம் தெரியவில்லை.

என்னைக் கேட்டால், இந்த ஊரில் பெண்களை அதிகம் நடக்க வைத்த திட்டத்தின் பெயரில் நடை என்ற சொல்லே கிடையாது. 2023 ஜூன் 11-ல் கர்நாடகத்தில் சக்தி திட்டம் வந்து பெண்களுக்கு அரசு பஸ் இலவசமானது. அதுவரை மகனையோ மருமகளையோ எதிர்பார்த்துக் கொண்டிருந்த சிலர் தனியாகவே கிளினிக்குக்கு வர ஆரம்பித்தார்கள். பஸ்ஸில் போகிறவர் இரண்டு முனையிலும் நடந்தே ஆக வேண்டும். டிக்கெட்டுக்குச் செலவழித்த அரசு, ஸ்டாப் வரைக்கும் உள்ள ஃபுட்பாத்துக்கும் கொஞ்சம் செலவழித்திருக்கலாம்.

சைக்கிள் மூட்டுக்கு நடையை விடவும் இதமானது, உடல் எடையை சீட் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே தினம் சைக்கிள் மிதிப்பவர்கள் வாட்ச்மேன்கள், பேப்பர் போடுகிறவர்கள், டீ கேன் கட்டிக்கொண்டு விற்பவர்கள். அவர்களில் பலர் சீட்டை மிகவும் தாழ்த்தி வைத்திருப்பார்கள். டிராஃபிக்கில் சட்டென்று இரண்டு காலையும் ஊன்ற வேண்டுமே! ஆனால் அப்படி மிதித்தால் முழங்கால் அதிகமாக மடங்கி, முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலி வரும். பெடல் அடியில் இருக்கும்போது கால் லேசாக மட்டும் மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்துங்கள் என்கிறேன். “உயர்த்தினா பஸ் உரசும்போது விழுந்துடுவேன்” என்கிறார்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை, ரோடு போடுகிறவர்களிடம்தான் இருக்கிறது.

சட்டம் இப்போது நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை நிபுணர் டாக்டர் ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் தொடுத்த வழக்கில்தான், தடையில்லாத நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், நடப்பவர்களுக்கும் சைக்கிள் போன்ற மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

சரி, அதுவரை வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க முடியாது. உயரமான நடைபாதையில் ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை. கைத்தடி, வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்கட்டும். பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள். நடைபாதையே இல்லாத ரோட்டில், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடங்கள்.

மாநகராட்சிக்குப் புகார் எழுதும்போது ‘நடைபாதை மோசம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். பிள்ளைகளின் ஸ்கேலை நடைபாதை ஓரத்தில் நிமிர்த்தி வைத்து ஒரு போட்டோ எடுங்கள். 15 செ.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது என்பதையும், உங்கள் தெருவில் எத்தனை இருக்கிறது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சிக்னல் என்றால், நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்து மறுபடி சிவப்பு வரும் வரை போனில் நேரம் பாருங்கள். அந்த விநாடிகளையும், உங்கள் வீட்டுப் பெரியவர் ரோட்டைக் கடக்க எடுத்துக்கொள்ளும் விநாடிகளையும் சேர்த்து அனுப்புங்கள்.