வெந்நீருக்கும் பிடித்தம்: ஏடா நீல்ட் சூவின் கணக்கு

தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறவள் நான். தையல் வேலைக்குப் போகும் பெண்கள் என் முன்னால் வந்து உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வார்த்தை, "சம்பளத்துல பிடிச்சிட்டாங்க வக்கீலம்மா" என்பதுதான். எவ்வளவு, எதற்கு, எந்தத் தேதியில் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். பீஸ் ரேட் வேலை, தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. பே ஸ்லிப் கிடையாது. கணக்கெல்லாம் சூப்பர்வைசரின் நோட்டில். அவர்களிடம் நான் ஏடா நீல்ட் சூவைப் பற்றிச் சொல்வேன்.

1894 மே மாதம் இங்கிலாந்தின் க்ரூ நகரில் 'க்ரூ க்ரானிக்கல்' பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'க்ரூ ஆலைப் பெண்' என்று மட்டும் இருந்தது. எழுதியவர் ஏடா நீல்ட், அப்போது வயது 24. பதின்மூன்று பிள்ளைகள் பிறந்த வீடு. தம்பிகளைப் பார்த்துக்கொள்வதற்காக 11 வயதில் பள்ளியை விட்டவர். படைவீரர்களுக்கும் போலீஸுக்கும் ரயில்வே ஊழியர்களுக்கும் சீருடை தைக்கும் ஆலையில் அவருக்கு வேலை.

அதைத் தொடர்ந்து மேலும் கடிதங்கள் வந்தன. அவற்றில் அழுகை இல்லை, கணக்குதான் இருக்கிறது. துண்டுக்கு இத்தனை பென்னி, ஒரு துண்டு தைக்க இவ்வளவு நேரம், ஆணுக்கு இந்த விலை, பெண்ணுக்கு இந்த விலை. துணி வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. வந்து குவிந்தால் இரவில் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தைக்க வேண்டும். தைக்கும் நூலுக்குக் காசு தொழிலாளியுடையது. டீ போடும் வெந்நீருக்கும் பிடித்தம். நாட்டில் எங்கு பார்த்தாலும் 'வாழ்வதற்கான கூலி' பற்றிய பேச்சாக இருந்த காலம் அது. ஏடா எழுதினார்: "வாழ்வதற்கான கூலியா! எங்களுடையது இழுத்து இழுத்துச் சாகடிக்கும் கூலி."

வக்கீலாகப் படிக்கும்போது எனக்கு அது மனுவுடன் இணைக்கும் கணக்கு அட்டவணையாகவே தெரிகிறது. "எங்களைக் கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று எழுதியிருந்தால் நிர்வாகம் ஒரு வரியில் மறுத்திருக்கும். துண்டுக் கணக்கை அப்படி மறுக்க முடியாது. அரசு ஒப்பந்தம் எடுப்பவர்கள் அந்தத் தொழிலில் நடப்பிலுள்ள கூலியைத் தர வேண்டும் என்று 1891-லேயே நாடாளுமன்றம் தீர்மானம் போட்டிருந்தது. அரசுக்குச் சீருடை தைப்பவர்களின் கூலிக் கணக்கு வெளியே வந்தால் யாருக்குக் கூசும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆள் யாரென்று தெரிந்ததும் வேலை போயிற்று. இதை நான் மறைப்பதில்லை. பெயரில்லாமல் எழுதினாலும் உள்விவரமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பலர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள், சங்கம் இருந்தால் அதன் வழியாகப் போங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

1896-இல் பிரிட்டனில் வந்த சட்டம் அபராதத்துக்கும், பொருளுக்காகப் பிடிக்கும் தொகைக்கும் வரம்பு வைத்தது: முன்கூட்டியே ஒப்பந்தம் வேண்டும், தொகை நியாயமாக இருக்க வேண்டும், விவரத்தை எழுத்தில் தர வேண்டும். 1909-இல் வந்த சட்டத்தின்படி குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்ட முதல் நான்கு தொழில்களில் ஆயத்த ஆடைத் தையலும் ஒன்று. ஏடாவின் கடிதங்களால்தான் இவை வந்தன என்று சொல்ல மாட்டேன். அவரைப் போலக் கணக்கு சொன்னவர்கள் பலர் இருந்ததால் வந்தன. இந்தியாவில் 1936-இல் வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டமும், சட்டம் அனுமதிக்காத பிடித்தம் கூடாது என்றது.

வேலை போன அதே ஆண்டு டிசம்பரில் அவர் சுயேச்சைத் தொழிலாளர் கட்சியின் ஆதரவோடு, நான்ட்விச் பகுதியின் ஏழையர் நிவாரணக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். போட்டியிடச் சொத்து இருக்க வேண்டும் என்ற தகுதியை அந்த ஆண்டுச் சட்டம்தான் நீக்கியிருந்தது. 1896-இல் சோஷலிசப் பிரச்சார வண்டியில் ஊர் ஊராகப் போனார். 1897-இல் ஜார்ஜ் சூவை மணந்தார். 1900 முதல் பெண்கள் தொழிற்சங்கக் கழகத்தின் அமைப்பாளர். பள்ளி வயது வரும்வரை மகள் டோரிஸையும் கூடவே அழைத்துச் சென்றார்.

பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர் என்றதும் போராட்டத்தில் ஜன்னல் உடைத்தவர்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறார்கள். ஏடா அந்த அணியில் இல்லை. சொத்துள்ள பெண்களுக்கு மட்டும் ஓட்டு கிடைத்தால் ஆலைப் பெண்ணுக்கு என்ன லாபம் என்று அந்த அணியின் தலைவர்களில் ஒருவரான கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்டுடன் அச்சிலேயே வாதாடினார். பிறகு 1911 முதல் 1914 வரை, வன்முறையில்லா வழியில் போராடிய பெண் வாக்குரிமைச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பின் அமைப்பாளராக லங்காஷயரின் பஞ்சாலை ஊர்களில் உழைத்தார். மணமான பெண்ணுக்கும் சொந்தச் சம்பாத்தியம் வேண்டும், குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று அப்போதே எழுதினார். என்னைக் கேட்டால், கடிதங்களுக்கு அடுத்தபடியாக அவர் செய்த பெரிய காரியம் இதுதான். பெண்கள் எல்லோருக்கும் ஆணுக்குச் சமமான வாக்குரிமை வந்தது 1928-இல். ஏடா 1945-இல் மறைந்தார்.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் வேலை சின்னது. தேதி, தைத்த உருப்படி, ரேட், பிடித்த தொகை, சொன்ன காரணம். ஐந்தையும் அன்றன்றைக்கே எழுத வேண்டும். போன வருஷம் ஒரு பெண், கிழித்த தினசரி காலண்டர் தாள்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலில் அந்த ஐந்தும் இருந்தன. ஒரு மாலை முழுக்க இருவரும் உட்கார்ந்து கூட்டினோம். மறுநாள் அந்தத் தாள்களை எண்ணிட்டு மனுவோடு சேர்த்தேன்.