பிரியானின் மடிப்பைக் குவானிடினால் அளக்கும்போது

இயல்பான பிரியான் புரதத்துக்கும் மூளை நோய் உண்டாக்கும் பிரியானுக்கும் அமினோ அமில வரிசை ஒன்றேதான்; வேறுபடுவது மடிப்பு. நோய்ப்பிரியானின் ஒரு திரிபிலிருந்து இன்னொரு திரிபுக்கு அந்த மடிப்பின் உறுதியும் மாறும். அதை அளக்க, புரத மடிப்பைக் குலைக்கும் உப்பான குவானிடின் ஹைட்ரோகுளோரைடு போதும்.

தொற்றுள்ள மூளையை அரைத்த 10 சதவீதக் கூழைக் குழாய்களில் பிரித்து, 0 முதல் 4 மோலார் வரை, அரை மோலார் இடைவெளியில் குவானிடினோடு அறை வெப்பத்தில் 2 மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் 0.4 மோலாருக்கு நீர்த்து, மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் புரோட்டியேஸ் கே என்ற, புரதத்தைச் செரிக்கும் நொதி சேர்த்து, 37 டிகிரியில் 1 மணி நேரம் விட வேண்டும். மடிப்புக் குலைந்தது செரித்துவிடும். குலையாதது 27 முதல் 30 கிலோ டால்டன் துண்டாக நிற்கும். புரதத்தை ஜெல்லில் பிரித்து எதிர்ப்புரதத்தால் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், அந்தப் பட்டை பாதியாகும் குவானிடின் செறிவுதான் தேடும் எண்.

நீர்க்கும் படியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குவானிடின் நொதியின் வேகத்தையே மாற்றும். ஆகவே 0 மோலார் குழாயிலும் இறுதியில் அதே 0.4 மோலார், அதே கன அளவு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நாம் அளப்பது நொதியை, பிரியானை அல்ல. செரிமானத்தை நிறுத்தும் பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் சீக்கிரம் சிதையும். ஐசோபுரொப்பனாலில் கரைத்து வைத்து, தேவைப்படும் நேரத்தில் மட்டும் சேர்க்கவும். குவானிடின் எஞ்சிய மாதிரியில், ஜெல்லுக்காகச் சேர்க்கும் சோப்புப் பொருளான எஸ்டிஎஸ் பட்டால் வெள்ளையாகத் திரியும், ஜெல்லில் பட்டை கோணலாக ஓடும். மெத்தனாலில் புரதத்தை வீழ்படிவாக்கிக் கழுவிய பிறகே ஏற்றுங்கள்.

பட்டை இல்லை என்பதால் பிரியான் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். நொதிக்கு இணங்கிச் செரிந்துபோகும் நோய்ப்பிரியானும் உண்டு.

மடிப்பை அறிய இன்னொரு வழி, புரதத்தின் மேற்பரப்பில் வெளித்தெரியும் லைசின் என்ற அமினோ அமிலங்களை அசிட்டைல் தொகுதி ஏற்றிக் கண்டுபிடிப்பது. ஏறிய ஒவ்வொரு லைசினுக்கும் நிறை 42 டால்டன் கூடும். மடிப்புக்குள் புதைந்தவை மாறாது. ட்ரிஸ் என்ற தாங்கல் கரைசலில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அசிட்டைல் தரும் வினைபடுபொருளை ட்ரிஸே தின்றுவிடும்.

பாதுகாப்பில் சலுகை கிடையாது. 2010ல் பிரான்சில், தொற்றுள்ள சுண்டெலி மூளைச் சீவல்களைக் கையாண்ட ஆய்வக ஊழியருக்கு இரட்டைக் கையுறையைத் துளைத்து இடுக்கி குத்தியது. ஏழரை ஆண்டு கழித்துப் பிரியான் நோயின் அறிகுறி தோன்றியது, 2019ல் இறந்தார். ஆல்கஹாலும் ஃபார்மலினும் பிரியானை அழிக்காது. மேசைக்கு 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடோ, 2 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சோ 1 மணி நேரம் ஈரமாகவே நிற்க வேண்டும். குவானிடின் கழிவில் பிளீச்சை ஊற்றாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்; அதைத் தனிக் கலனில் சேர்த்து எரியூட்ட அனுப்புங்கள்.