குழுக் கடன் கேட்டுப் போகிறீர்களா? கணக்குப் புத்தகத்தையும் தீர்மானப் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோங்கள்

ஊரில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்று ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிவிட்டது. வாரம் தவறாமல் கூடுகிறார்கள், சந்தா கட்டுகிறார்கள், அவசரத்துக்கு உள்ளுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்குகிறார்கள். வங்கிக் கணக்கு தொடங்கத்தான் தாமதமாகிவிட்டது. அது தொடங்கி மூன்று மாதம்தான். கடன் கேட்டுப் போனால், "கணக்கு ஓப்பன் பண்ணி ஆறு மாசம் ஆகணும்மா, அப்புறம் வாங்க" என்று பதில் வருகிறது. சரி என்று திரும்பிவிடுகிறார்கள்.

திரும்பியிருக்க வேண்டாம். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கடன் தருவது பற்றி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பியிருக்கும் சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. குழு குறைந்தது 6 மாதம் இயங்கியிருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைக் குழுவின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும், சேமிப்புக் கணக்கு தொடங்கிய தேதியிலிருந்து அல்ல. படுத்துப்போன பழைய குழு மறுபடி எழுந்து 3 மாதம் ஒழுங்காக நடந்தாலே போதும், அதுவும் கடன் கேட்கலாம்.

அந்தப் புத்தகம்தான் இந்தத் திட்டத்தின் உயிர். தொழில் தொடங்க நினைக்கும் பெண்ணிடம் சொத்துப் பத்திரமோ சம்பளச் சான்றோ இருக்காது. பக்கத்து வீட்டுப் பதினோரு பேர் இருப்பார்கள். அவர்கள் அவளை நம்புகிறார்கள் என்பதற்கு எழுத்துச் சான்றாக வங்கியின் முன்னால் வைக்க, வாராவாரம் எழுதிய அந்தப் புத்தகம்தான் உண்டு.

தமிழ்நாட்டில் இது 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய வேலை. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அங்கே குழுக்களை அமைத்தது. 1992-இல் வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு, நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் சோதனையில் இறங்கியது. தருமபுரியில் தொடங்கிய வேலை 1997-98-இல் மகளிர் திட்டம் என்ற பெயரில் தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. 2011-இல் மத்திய அரசின் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தது. இன்றைக்குக் கிராமப்புறக் குழுக் கடன் விதிகள் பெரும்பாலும் அந்த இயக்கத்தின் கீழ்தான் வருகின்றன.

குழு என்றால் பொதுவாக 10 முதல் 20 பெண்கள். மலைப்பகுதியிலும் மாற்றுத்திறனாளிகள் குழுவிலும் 5 பேர் இருந்தாலே போதும். நம் ஊரில் ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர் என்று பொறுப்பைப் பிரித்துக்கொள்வது பழக்கம். குழுவைச் சங்கமாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாத குழுவும் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். கணக்கு தொடங்கும்போது பொறுப்பாளர்களின் ஆதார் முதலிய அடையாளச் சான்றுகள் போதும், மற்ற உறுப்பினர்களின் சான்றைக் கடன் தரும் சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டு பேரும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கிளையில் வந்து நிற்கத் தேவையில்லை.

குழு நன்றாக நடக்கிறதா என்று பார்க்க ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள். பயிற்சிகளில் இதற்குப் பஞ்ச சூத்திரம் என்று பெயர். முறையாகக் கூட வேண்டும், முறையாகச் சேமிக்க வேண்டும், சேமித்ததை உள்ளுக்குள் கடனாகச் சுழற்ற வேண்டும், வாங்கியவர் தவணை தவறாமல் கட்ட வேண்டும், இத்தனையும் அன்றன்றைக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும். நிறையக் குழுக்கள் வழுக்கி விழுவது மூன்றாவதில். பணத்தைப் பத்திரமாக வங்கியில் போட்டுவிட்டு, "எங்க குழுவுல யாருக்கும் கடனே இல்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். தரம் பார்க்க வருபவர் கண்ணுக்கு அது குறை. சும்மா கிடக்கும் பணத்தைப் பார்த்து, இந்தப் பெண்கள் கொடுத்து வாங்கத் தெரிந்தவர்கள் என்று யார் சொல்ல முடியும்?

அடுத்து, எவ்வளவு கிடைக்கும்? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு பேர் மாதம் 200 ரூபாய் வீதம் கட்டினால் ஆறு மாதத்தில் 14,400 ரூபாய் சேரும். குழுவின் மூலநிதி என்பது இந்தச் சந்தா மட்டும் அல்ல. உள்கடனில் வந்த வட்டி, உள்கடனாகச் சுழற்ற அரசு தந்த பணமான சுழல் நிதி, வேறு வரவு எல்லாம் அதில் சேரும். முதல் கடன் மூலநிதியைப் போல 6 மடங்கு அல்லது குறைந்தது 1.5 லட்சம், இரண்டில் எது அதிகமோ அது. நம் குழுவுக்குச் சந்தாவை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆறு மடங்கு 86,400 ரூபாய்தான் வருகிறது, ஆகவே 1.5 லட்சம் கேட்கலாம். அதைக் கட்டி முடித்தபின் இரண்டாவது கடன் மூலநிதியைப் போல 8 மடங்கு அல்லது குறைந்தது 3 லட்சம். அதற்குள் மூலநிதி 50,000 ஆகியிருந்தால் 4 லட்சம். மூன்றாவது முறை குறைந்தது 6 லட்சம். யாருக்கு, எதற்கு, எவ்வளவு, எப்படித் திருப்புவார் என்று குழு உட்கார்ந்து எழுதும் கடன் திட்டத்தைப் பார்த்து அதை முடிவு செய்வார்கள்.

இனி ஜாமீன். ஊருக்கு ஊர் புலம்பல் கேட்பது இதில்தான். "லோன் தர்றோம், ஆனா அதுல ஐம்பதாயிரத்தை டெபாசிட்டா போட்டுடுங்க" என்பார்கள். இல்லாவிட்டால் குழுவின் சேமிப்பையே எடுக்க முடியாமல் நிறுத்தி வைப்பார்கள். இரண்டுக்கும் விதியில் இடமில்லை. 10 லட்சம் வரை எந்த அடமானமும் கேட்கக் கூடாது, கைப்பணம் போடச் சொல்லக் கூடாது, சேமிப்புக் கணக்கை நிறுத்தி வைக்கக் கூடாது, டெபாசிட் வற்புறுத்தக் கூடாது. 2021 ஆகஸ்டில் இன்னொரு படி ஏறினார்கள். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரைக்கும் அடமானம் இல்லை, சேமிப்பை நிறுத்துவதும் இல்லை. கடன் முழுவதையும் வங்கி மத்திய அரசின் உத்தரவாத நிதியில் சேர்த்துக்கொள்ளலாம்.

கூட்டத்தில் அடிக்கடி சண்டை கிளப்பும் விஷயம் ஒன்றும் உண்டு. உறுப்பினர் ஒருவரோ அவர் கணவரோ அதே வங்கியில் பழைய கடனைக் கட்டாமல் விட்டிருப்பார். அதைக் காட்டிக் குழு முழுவதற்கும் கையை விரிப்பார்கள். குழுவாக வாங்கிய கடனில் பாக்கி இல்லை என்றால், ஒருவருடைய தனிப்பட்ட பாக்கி மற்றவர்களுக்குத் தடையாகக் கூடாது என்கிறது சுற்றறிக்கை. பாக்கி வைத்தவருக்கு இந்தக் கடனிலிருந்து பங்கு கொடுக்க முடியாது, அவ்வளவுதான். அவரைக் குழுவை விட்டுத் துரத்த வேண்டியதில்லை.

வட்டியைப் பொறுத்தவரை, வட்டி மானியத் திட்டப்படி 3 லட்சம் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 7 சதவீதம். குழு அதை உறுப்பினருக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் கொடுத்தால் ஆண்டுக்கு 12 சதவீதம் ஆகிறது. நடுவில் நிற்கும் 5 சதவீதம் வேறு யாருடைய பைக்கும் போகாது, குழுவின் மூலநிதியில் சேர்ந்து அடுத்த கடனைப் பெரிதாக்கும்.

வாரம் தோறும் வீட்டு வாசலில் வசூலிக்க வரும் நுண்நிதி நிறுவனக் கடனையும் நம் ஊரில் 'குழு லோன்' என்றுதான் சொல்கிறார்கள். அது வேறு. அங்கே ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று தனித்தனியாகக் கடன் வாங்குகிறார்கள். பொதுச் சேமிப்பு இல்லை, வட்டி வெளியே போகிறது, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. நட்பைப் பிணையாக வைத்து நட்பையே அறுக்கிற ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படிப்பட்ட அதிக வட்டிக் கடனை அடைக்க சுய உதவிக் குழுக் கடனைப் பயன்படுத்தலாம், அதை விதியே ஏற்றுக்கொள்கிறது. வீட்டு ரிப்பேர், மருத்துவச் செலவு என்று போனாலும் குற்றமில்லை. ஆனால் கடன் 2 லட்சத்தைத் தாண்டினால் பாதியாவது, 4 லட்சத்தைத் தாண்டினால் முக்கால் பங்காவது வருமானம் தரும் வேலைக்குப் போக வேண்டும் என்பது அறிவுரை.

பணம் வந்த பிறகு சரக்கு விற்க வேண்டுமே! இட்லி மாவு அரைக்கிறவளுக்கு முதல் வாடிக்கையாளர்கள் குழுவிலேயே கிடைத்துவிடுவார்கள். பன்னிரண்டு வீட்டைத் தாண்டத்தான் குழுக்களுக்கு மேல் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பும், அதற்கு மேல் வட்டார அளவிலான கூட்டமைப்பும் இருக்கின்றன. நகரங்களில் பகுதி அளவிலான கூட்டமைப்பு. கண்காட்சிகளில் இடம் கேட்பது, நலிந்த குழுவைத் தூக்கி நிறுத்துவது இதெல்லாம் அங்கேதான் பேசப்படும். கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் போகாத குழுவுக்குச் செய்தியே வராது. மாவட்டங்களில் பூமாலை வணிக வளாகங்கள் உண்டு, சென்னை நுங்கம்பாக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகம் உண்டு, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 'மதி' என்ற பெயரில் குழுப் பொருட்களை விற்கிறது. குழு அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் தங்கள் பொருட்களை அரசுப் பேருந்தில் 25 கிலோ வரை, 100 கிலோமீட்டர் வரை கட்டணமின்றிக் கொண்டுபோகவும் சலுகை உண்டு. ஊறுகாய்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தொழில் வளர்ந்து குழுவின் பங்குப் பணம் போதாமல் போனால் சிறு தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ராவில் தன் பெயரிலேயே கடன் கேட்கலாம். சிசு பிரிவில் 50,000, கிஷோரில் 5 லட்சம், தருணில் 10 லட்சம் வரை. குழுவை விட்டு விலக வேண்டியதில்லை. ஒழுங்காகக் கட்டிய குழுக் கணக்கைக் காட்டினால் மேலாளரிடம் பேசுவது எளிது.

புதிதாகக் குழு தொடங்க வட்டார வளர்ச்சி அலுவலக வளாகத்தில் உள்ள வட்டார இயக்க மேலாண்மை அலகிலோ, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்திலோ கேளுங்கள். இருக்கும் குழுவுக்கு வங்கி கடன் மறுத்தால் வாய்வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அங்கே நகரவில்லை என்றால் மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் இருக்கிறார். வங்கிக்கு எழுத்தில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448.

கிளையில் என்ன சொன்னார்கள், சொன்னவர் என்ன பதவியில் இருக்கிறார், எந்தத் தேதி என்று அந்த வாரக் கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வந்திருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.