கை மரத்துப்போகிறதா? நரம்பு ஊசிக்கு முன்னால் இந்த டெஸ்டைக் கேளுங்கள்

ராத்திரி 2 மணிக்குக் கை மரத்து, எழுந்து உதறினால்தான் சரியாகிறது என்று சொல்லி மதுரையில் என்னிடம் வருகிறவர்களில் சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிற அக்காமார், பூக்கட்டுகிறவர்கள், டைலர்கள் நிறையப் பேர். சுண்டுவிரல் மட்டும் தப்பித்திருக்கும். கையில் பழைய சீட்டு இருக்கும், மாசக்கணக்கில் நரம்பு ஊசி. வைட்டமின் பி12 குறைந்திருந்தால் அந்த ஊசி உதவும், மணிக்கட்டில் நசுங்கிக் கிடக்கும் நரம்பை அது விடுவிக்காது.

எந்த நரம்பு, எந்த இடத்தில் என்று காட்டுவது நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட். "கரண்ட் வைப்பாங்களாமே டாக்டர்" என்று பயந்தே பலர் தள்ளிப்போடுகிறார்கள். வைப்போம், சுளீரென்று இருக்கும், விரல் தானாகத் துள்ளும், ஆனால் ஒவ்வொரு துடிப்பும் பொதுவாக ஒரு நொடியில் 1,000-இல் ஒரு பங்கு நேரம்கூட நீடிக்காது. கட்டைவிரலின் அடிச்சதையில் எலக்ட்ரோடு ஒட்டி, மணிக்கட்டில் ஒருமுறை, முழங்கை மடிப்பில் ஒருமுறை தூண்டி, இடையிலுள்ள தூரத்தை டேப்பால் அளந்து, நேர வித்தியாசத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடும். நல்ல கை நரம்பில் நொடிக்குச் சுமார் 50 மீட்டர், காலில் 40. மணிக்கட்டில் அழுத்தம் இருந்தால், முன்கையில் வேகம் நன்றாக இருந்தும் அந்தக் கடைசிச் சில சென்டிமீட்டரைக் கடக்க மட்டும் தாமதமாகும். நரம்பின் உறை கெட்டால் வேகம் குறையும், உள்ளிழையே அழிந்தால் திரையில் பதிவாகும் அலையின் உயரம் குறையும். உயரம் இறங்கி, கட்டைவிரல் அடிச்சதையும் வற்ற ஆரம்பித்துவிட்டால் தயவுசெய்து நரம்பை விடுவிக்கும் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

வெறும் வயிறு தேவையில்லை. தைலம், எண்ணெய் தேய்த்து வர வேண்டாம். பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலும்தான், ஏனென்றால் தேவைப்பட்டால் தசைக்குள் மெல்லிய ஊசி வைத்து, தசையின் மின் துடிப்பைப் பதிவுசெய்யும் இஎம்ஜி டெஸ்டும் பார்ப்போம்.

அப்புறம், கை சூடு. வெளியே மதுரை வெயில் கொளுத்தினாலும் ஏசி அறையில் அரை மணி உட்கார்ந்தால் கை சில்லிட்டுவிடும். தோலின் வெப்பம் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் நரம்பு நிஜமாகவே மெதுவாகத்தான் கடத்தும், இல்லாத நோய் இருப்பதுபோல் ரிப்போர்ட் வரும். அதனால் "கை சில்லுன்னு இருக்கு" என்று நீங்களே சொல்லுங்கள், சூடாக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒன்று. பாதம் எரிந்தும் ரிப்போர்ட் நார்மலாக வரலாம், எரிச்சலைச் சொல்லும் நுண்ணிய நரம்பிழைகள் இந்த டெஸ்டில் தெரியாது. "ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சே" என்று வீட்டில் யார் சொன்னாலும் அந்த ரிப்போர்ட்டோடு மறுபடி டாக்டரைப் பாருங்கள்.