யாங்கீஸுக்கும் மெட்ஸுக்கும் ஒரே கோபுரம்

நியூயார்க்கின் பிராங்ஸ் கரையை ஒட்டி ஹை ஐலண்ட் என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. 660, 880 கிலோஹெர்ட்ஸ் என்ற இரண்டு மீடியம் வேவ் அலைவரிசைகளும் அங்கே நிற்கும் ஒரே கோபுரத்திலிருந்துதான் கிளம்புகின்றன. 2014 முதல் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் ஆட்டங்கள் 660-ல் வருகின்றன. 2019 முதல் மெட்ஸ் அணியின் ஆட்டங்கள் 880-க்கு வந்தன. ஒப்பந்தம், வர்ணனையாளர்கள், விளம்பரங்கள் எல்லாம் தனித்தனி. கோபுரம் மட்டும் பொது.

இரண்டு அணிக்கும் ஒரே அலைவரிசை போதாதா? 2019-ல் இரண்டு அலைவரிசைகளும் ஒரே நிறுவனத்தின் கையில்தான் இருந்தன. அப்படியும் சேர்க்க வழியில்லை. ஆறு மாதத்துக்குள் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டம் ஆடியாக வேண்டும். பெரும்பாலான ஆட்டங்கள் மாலை ஏழு மணியை ஒட்டித் தொடங்கி இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடும். ஆகவே இரண்டு அணியின் ஆட்டமும் பல நாள் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரு நிலையம் ஒன்றைத்தான் ஒலிபரப்ப முடியும்.

ஒரு காலத்தில் சேர்த்து ஒலிபரப்பியிருக்கிறார்கள். 1934 முதல் 1938 வரை நியூயார்க்கின் அன்றைய மூன்று அணிகளான யாங்கீஸ், ஜயன்ட்ஸ், டாட்ஜர்ஸ் வானொலியையே தடுத்து வைத்திருந்தன. வீட்டிலேயே கேட்க முடிந்தால் டிக்கெட் வாங்கி யார் வருவார் என்ற பயம். அந்த உடன்பாடு முடிந்து 1939 பிறந்ததும் டாட்ஜர்ஸின் நிர்வாகி லாரி மெக்ஃபேல், சின்சினாட்டியிலிருந்து வர்ணனையாளர் ரெட் பார்பரை அழைத்து வந்து ஒலிபரப்பைத் தொடங்கினார். மற்ற இரு அணிகளுக்கும் வேறு வழியில்லை. யாங்கீஸ் மைதானமும் ஜயன்ட்ஸ் மைதானமும் ஹார்லெம் ஆற்றின் இக்கரையும் அக்கரையுமாக இருந்தன. ஒன்று ஊரில் ஆடும்போது மற்றது வெளியூரில் ஆடும்படி அட்டவணை அமைந்திருந்தது. உள்ளூர் ஆட்டங்களை மட்டும் ஒலிபரப்பினால் ஒரே வர்ணனைக் குழு இருவருக்கும் போதும். 1946-ல் யாங்கீஸ் வெளியூர் ஆட்டங்களையும் நேரலையாகத் தரத் தொடங்கியதோடு இந்தக் கூட்டு முடிந்தது.

உரிமை என்று எதை விற்கிறார்கள் என்பதற்கு 1938-ல் பிட்ஸ்பர்க்கில் விடை கிடைத்தது. பைரேட்ஸ் அணி தன் ஆட்டங்களின் ஒலிபரப்பை ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்கு விற்றிருந்தது. கேகியூவி என்ற நிலையமோ மைதானத்துக்கு வெளியே, உள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரி ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்து, அங்கே ஆளை உட்கார வைத்து வர்ணனை செய்தது. ஆட்டத்தை உருவாக்கி, பணம் போட்டு, மைதானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் அணிக்கே அதன் செய்தியை நியாயமான ஒரு கால அளவுக்கு விற்கும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணி விற்பது அந்தச் சில மணி நேரத் தனியுரிமைதான்.

ஒப்பந்தம் பொதுவாக இரண்டு வகை. நிலையம் அணிக்குப் பணம் கொடுத்து, விளம்பரம் விற்று மீட்பது ஒன்று. அணியே நேரத்தை வாங்கி, விளம்பரத்தையும் தானே விற்பது மற்றொன்று. எந்த வகையானாலும் வருமானம் இன்னிங்ஸ் பாதிகளுக்கு இடையில்தான். பேஸ்பாலில் ஓர் இன்னிங்ஸில் இரு அணியும் ஒருமுறை பேட் செய்யும்; ஒவ்வொன்றும் ஒரு பாதி, மூன்று அவுட்டில் முடியும். ஒன்பது இன்னிங்ஸில் 18 பாதிகள், 17 இடைவெளிகள். கடைசியில் பேட் செய்யும் உள்ளூர் அணி முன்னிலையில் இருந்து கடைசிப் பாதி ஆடத் தேவையில்லை என்றால் ஓர் இடைவெளி குறையும். ஒவ்வொன்றும் சுமார் இரண்டு நிமிடம். மூன்றாவது அவுட் விழுந்ததும் வர்ணனையாளர் முன்பே பேசி வைத்த ஒரு வாக்கியத்தைச் சொல்வார். ஸ்டுடியோவில் இருப்பவருக்கு அதுதான் சைகை. அதைத் தவறவிட்டால் காற்றில் மௌனம்தான். விளம்பரம் நீண்டுவிட்டால் அடுத்த பாதியின் முதல் பந்து போய்விடும்.

ஸ்டுடியோவிலிருந்து ஒலி தீவுக்குப் போகிறது. அங்கே இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள், ஒவ்வொன்றும் 50,000 வாட். அமெரிக்க மீடியம் வேவில் அதற்கு மேல் அனுமதி கிடையாது. 50 ஓம் கேபிளில் 50,000 வாட் என்றால் 31.6 ஆம்பியர், 1,580 வோல்ட். இது வெறும் கேரியருக்கு, அதாவது ஒலி ஏறாத அடிப்படை அலைக்கு. ஹோம் ரன் விழுந்து கூட்டம் கத்தும்போது அலையின் உயரம் இரட்டிப்பாகலாம். அந்தக் கணத்தில் சக்தி நான்கு மடங்கு, அதாவது 2,00,000 வாட்.

இப்படி இரண்டு கேபிள்களை நேரே கோபுரத்தில் இணைத்தால் ஒன்றின் சக்தி மற்றதன் டிரான்ஸ்மிட்டருக்குள் பின்பக்கமாக நுழையும். அங்கே இரண்டு அலைவரிசைகளும் கலந்து புதியவை பிறக்கும். 880-ஐ இரட்டித்து 660-ஐக் கழித்தால் 1100. கிளீவ்லாந்தின் டபிள்யூடிஏஎம் நிலையம் இருக்கும் இடம் அது; அந்நகர பேஸ்பால் அணியின் ஆட்டங்கள் வருவதும் அதில்தான். இரண்டையும் கூட்டினால் 1540.

இதைத் தடுக்க 660-இன் பாதையில் 880-ஐ மறிக்கும் பொறி ஒன்று, 880-இன் பாதையில் 660-ஐ மறிக்கும் பொறி ஒன்று. பொறி என்பது பக்கவாட்டில் இணைத்த காயிலும் கெப்பாசிட்டரும். 1,000 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் 880-ஐ மறிக்க 32.7 மைக்ரோஹென்றி காயில் வேண்டும். 660-க்கு 58.1 மைக்ரோஹென்றி. மறிக்கும் அலைவரிசைக்கு இது சுவர் மாதிரி. அந்தப் பாதைக்குரிய அலைவரிசையை விடும், ஆனால் பாதையின் மின்தடுப்பை, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பை, மாற்றிவிடும். அதைச் சரிக்கட்ட இன்னொரு காயிலோ கெப்பாசிட்டரோ தொடரில் சேரும். பிறகு கோபுரத்தின் மின்தடுப்பை 50 ஓமுக்குப் பொருத்தும் சுற்று. 660-இன் கால் அலைநீளம் 114 மீட்டர், 880-க்கு 85 மீட்டர். ஒரே உயரம் இரண்டுக்கும் ஒரே மாதிரி அமையாது என்பதால் பொருத்துச் சுற்றும் தனித்தனி.

கடல் நடுவே கோபுரம் நிற்பதில் லாபம் உண்டு. உப்புநீர் சாதாரண மண்ணைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும், அலை தரையில் வீணாகாமல் தூரம் போகும். அந்த உப்புக் காற்றேதான் தலைவலியும். காயிலைப் பிடித்திருக்கும் செப்புக் கிளிப்பில் பச்சை பிடித்தால் அந்த இடம் சூடாகும், காயிலின் மதிப்பு நகரும், பொறி தன் அலைவரிசையிலிருந்து விலகும். திரும்பி வரும் சக்தி ஏறுவதைக் கண்டு டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைக்கும், அல்லது நின்றுவிடும். அதனால் கிளிப்புகளைக் கழற்றித் தேய்த்து இறுக்குவது சீசன் தொடங்கும் முன்பே முடிய வேண்டிய வேலை.

யாங்கீஸும் மெட்ஸும் வெவ்வேறு லீக்கைச் சேர்ந்தவை. 1997-இல் இரு லீக் அணிகளும் சீசனுக்குள்ளேயே மோதத் தொடங்கிய பிறகு யாங்கீஸும் மெட்ஸும் ஆண்டுதோறும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. அன்று இரு குழுக்களும் ஒரே மைதானத்தில், தனித்தனி அறைகளில் அமர்ந்து, ஒரே பந்தைத் தத்தம் ரசிகருக்குச் சொல்லும். தனி மைக், தனி கலவைப் பலகை, தனி இணைப்பு, தனி ஸ்டுடியோ என்று ஊரைச் சுற்றி வரும் அந்த இரண்டு வர்ணனைகளும் தீவில், கோபுரத்தின் அடியில் ஒன்றுசேர்ந்து மேலே ஏறுகின்றன.