மின்குத்தூசி: எலக்ட்ரோ அக்குபங்சருக்குத் தமிழ்

உடலில் குத்திய ஊசிகளில் மெல்லிய மின்சாரம் செலுத்தும் மருத்துவமுறையே எலக்ட்ரோ அக்குபங்சர். இலத்தீனில் 'அக்குஸ்' ஊசி, 'புங்க்தூரா' குத்தல். நாகசாகியில் பணியாற்றிய டச்சு மருத்துவர் வில்லெம் டென் ரைன் 1683இல் இலண்டனில் வெளியிட்ட நூல் வழியாகத்தான் 'அக்குபங்சர்' ஐரோப்பாவில் பரவியது. சீனத்தில் இதன் பெயர் 'ஜென்ஜியு': ஊசியும் மூலிகைச் சூடும் சேர்ந்தது. ஐரோப்பியப் பெயரில் சூடு விடுபட்டு, ஊசி மட்டும் நின்றது. 'எலக்ட்ரோ' கிரேக்கம்; 'எலக்ட்ரான்' என்பது அம்பர் என்னும் இறுகிய மரப்பிசின். அதைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும். 1825இல் பாரிசில் சர்லாந்தியேர் என்ற மருத்துவர், குத்திய ஊசியில் மின்சாரம் செலுத்தி, வாத நோய்க்கு அதைப் பரிந்துரைத்தார்.

சீனர் இதை 'தியன்ஜென்' என்கிறார்கள். 'தியன்' முதலில் மின்னலைக் குறித்து, பிறகு மின்சாரத்தைக் குறித்தது. நம் 'மின்' வந்த வழியும் அதுவே. ஆகவே 'மின்னூசி' என்றால் சீனச் சொல்லுக்கு நேர் நிற்கும். ஆனால் 'ஊசி போட்டேன்' என்றாலே மருந்து ஏற்றியதாகத்தான் நாம் புரிந்துகொள்கிறோம். இங்கே மருந்தே இல்லை. எனவே 'குத்தூசி மருத்துவம்' என்ற வழக்கை ஒட்டி 'மின்குத்தூசி' என்பதே தெளிவு. கூரை வேய்வோரின் நீண்ட ஊசிக்கும் குத்தூசி என்றுதான் பெயர், இதுவோ 0.25 முதல் 0.30 மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே.

இனி, நாட்பட்ட நரம்பு வலிக்கு இதைப் பயன்படுத்துவது பற்றி. 'நரம்பு' இன்னும் வழுக்கும் சொல். யாழின் தந்தியும் நரம்பு. மருத்துவமனையில் 'நரம்பில் ஊசி' என்றால் சிரை என்னும் இரத்தக்குழாய். 'நாட்பட்ட நரம்பு வலி' என்னும்போது சொல்வது உணர்வைக் கடத்தும் நரம்பை. அதில் ஏற்பட்ட பழுதே வலியாக நிலைப்பது, நீரிழிவில் பாதம் எரிவதுபோல, அக்கிக்குப் பின் விலாவில் சுரீர் என்பதுபோல. ஊசி அந்த நரம்பைத் துளைப்பதில்லை. அருகிலுள்ள தசையில் நிற்கும். அங்கே அது மின்முனை மட்டுமே.

பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் என்ற ஆய்வாளரின் குழு பல்லாண்டு ஆய்ந்து கண்டது இது: நொடிக்கு 2 மின்துடிப்பு கொடுத்தால் என்கெஃபாலின், எண்டார்ஃபின் போன்ற, உடலே சுரக்கும் வலியடக்கிகள் (ஓபியாய்டுகள்) சுரக்கும்; 100 துடிப்பில் அதே வகையைச் சேர்ந்த டைனார்ஃபின். ஓபியாய்டைத் தடுக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்தால் 2 துடிப்பின் பயன் மங்கிவிடும். மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் வலியடக்கும் பாதைகளும் தூண்டப்படுகின்றன. இவற்றில் பெரும்பகுதி எலிகளில் கண்டவை. மனிதரில் நரம்பு வலிக்குக் குத்தூசி எவ்வளவு உதவும் என்று 2017இல் காக்ரேன் திறனாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுவது) அலசி, ஆதரிக்கவோ மறுக்கவோ சான்று போதாது என்றது. எனவே பிரிகாபலின், டுலாக்செட்டின் போன்ற நரம்பு வலி மருந்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் இது துணைதான். இதை நம்பி மருந்தைத் தானாக நிறுத்துவது தவறு.

கால் வலிக்கு அடிக்கடி எடுக்கும் இணை இரண்டு குத்தூசிப் புள்ளிகள்: முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல், முன்னெலும்பு விளிம்புக்கு வெளியே ஒரு விரல் தள்ளி உள்ள 'ஜூசான்லி', உட்கணுக்காலுக்கு மேலே நான்கு விரலில் 'சான்யின்ஜியாவ்'. ஒருமுறை மட்டும் பயன்படும் கிருமிநீக்கிய ஊசி வேண்டும். நோயாளி படுத்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் சிலருக்கு மயக்கம் வரும். மின்கருவியின் அளவுத் திருகு சுழியத்தில் இருக்கும்போதே அதன் கம்பிக் கவ்வியை ஊசியில் மாட்டி, மெல்ல ஏற்ற வேண்டும். 2 துடிப்பில் தசை லேசாகத் துள்ளும், வலிக்காது. அந்த அளவே போதும். 20 முதல் 30 நிமிடம். பத்து நிமிடத்தில் உணர்வு மங்கினால் சற்றே கூட்டலாம். தினமும் நெடுநேரம் கொடுத்தால் உடல் பழகிப் பயன் குறையும்; வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை என்று இடைவெளி விடுவது நல்லது.

கோளாறு வரும் இடங்கள் பெரும்பாலும் இவையே. ஊசிப் பிடி பிளாஸ்டிக் என்றால் மின்சாரம் பாயாது. கவ்வி உலோகத் தண்டைப் பிடிக்க வேண்டும். திருகைச் சட்டென ஏற்றினால் தசை இறுகி ஊசி வளையும். துடிப்பு இருதிசையிலும் சமமாக இல்லாமல் ஒரே திசையில் பாய்ந்தால் மின்பகுப்பு நடந்து உலோகம் அரிக்கும், திசு புண்ணாகும். மார்பின் இருபுறமும் ஓர் இணைக் கவ்விகளை மாட்டக்கூடாது, மின்சாரத்தின் பாதை இதயத்தின் வழியே போகும். இதயமுடுக்கி பொருத்தியவருக்கும் கர்ப்பிணிக்கும் இதைத் தவிர்க்க வேண்டும். வலிப்பு உள்ளவர், இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர் தம் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டும். பாதம் மரத்துப்போன நீரிழிவு நோயாளி 'தெரியவில்லை, இன்னும் கூட்டுங்கள்' என்பார். அவர் சொல்வதை வைத்து அளவை ஏற்றக்கூடாது. உணர்வு தெளிவாக உள்ள முழங்காலுக்கு அருகே ஊசியை நட்டு, தசை துள்ளுவதைக் கண்ணால் பார்த்தே அளவை முடிவுசெய்ய வேண்டும். புண் உள்ள பாதத்தில் குத்தவே கூடாது.