புரோட்டோடைப்: சொல்லும் இரண்டு ஃபெராரிகளும்

ஃபெராரி 330 பி4, ஃபெராரி 412 பி: இரண்டும் 1967ஆம் ஆண்டுப் பந்தயக் கார்கள். இவற்றின் பெயரில் வரும் ‘பி’, ‘புரோத்தோத்திப்போ’ என்ற இத்தாலியச் சொல்லின் முதலெழுத்து. நாம் புரோட்டோடைப் என்கிறோம். வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘புரோத்தோஸ்’ என்றால் முதல்; ‘தூப்போஸ்’ என்றால் அடித்துப் பதித்த தடம், அச்சு. ஆக, முதலச்சு. தொழிற்சாலைகளில் இன்றும் ஏறக்குறைய அதே பொருள்தான்: மொத்தமாகத் தயாரிக்கும் முன் சோதித்துப் பார்க்கச் செய்யும் முதல் உருப்படி.

பந்தயக் களத்தில் பொருள் வேறு பக்கம் போய்விட்டது. 1966ஆம் ஆண்டின் சர்வதேசக் கார் பந்தய விதிப்படி, குரூப் 4 ஸ்போர்ட்ஸ் காராகப் பதிய 12 மாதங்களில் 50 கார்கள் செய்திருக்க வேண்டும். குரூப் 6 புரோட்டோடைப்புக்கு அந்தக் கணக்கே இல்லை; ஒன்று செய்தாலும் ஓட்டலாம். இரண்டாவது இருக்கையும் உதிரிச் சக்கரமும் பெட்டி வைக்க இடமும் கேட்டார்கள். நாளைக்குச் சாலையில் ஓடப்போகிற கார் என்ற பாவனைதான். பெரும்பாலும் அப்படி எதுவும் வரவில்லை.

330ஐவிட 412 பெரிய எஞ்சின் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். தவறு. 330 என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, கன சென்டிமீட்டரில். 412 என்பது 4 லிட்டர், 12 சிலிண்டர். இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 77 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 71 மி.மீ.; மொத்தம் 3,967 சி.சி.

வேறுபாடு சிலிண்டர் தலையில். பி4க்குச் சிலிண்டருக்கு மூன்று வால்வுகள் (உள்ளிழுக்க இரண்டு, வெளியேற்ற ஒன்று), லூக்காஸ் எரிபொருள் ஊசி அமைப்பு, சுமார் 450 குதிரைத்திறன். 412 பிக்கு இரண்டு வால்வுகள், ஆறு வெபர் கார்புரேட்டர்கள், சுமார் 420. பி4ஐ ஃபெராரி நிறுவனம் தன் அணிக்கு வைத்துக்கொண்டது. 412 பி, வாடிக்கையாளர் அணிகளுக்கு. கார்புரேட்டரில் எரிபொருள்-காற்றுக் கலவை பிசகினால் ஜெட்டை (எரிபொருள் வரும் சிறு துளைத் திருகு) மாற்றிச் சமாளிக்கலாம். ஊசி அமைப்பின் அளவீட்டுக் கருவி பிசகினால் சிறிய அணியின் மெக்கானிக் திண்டாடிப்போவார். 1967 டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் இரண்டு இடங்கள் ஃபெராரியின் சொந்த அணிக் கார்களுக்கு, மூன்றாவது 412 பிக்கு. 1968இல் புரோட்டோடைப்புகளுக்கு 3 லிட்டர் வரம்பு வந்ததும் இரண்டுமே அந்த வகுப்பில் ஓட முடியாமல் போயின.

தமிழில் ‘முன்மாதிரி’ புழக்கத்தில் இருக்கிறது. தொழிற்சாலைப் பொருளுக்கு அது போதும். ‘முதற்படிவம்’ இன்னும் துல்லியம், ஏனெனில் பின்பற்றத்தக்க ஆளையும் முன்மாதிரி என்கிறோம். பந்தயக் காருக்கு இரண்டும் பொருந்தா. அதைப் பார்த்து அடுத்த கார் செய்யப்போவதில்லையே! ‘ஸ்போர்ட்ஸ் புரோட்டோடைப்’ என்பதை அப்படியே பெயர்த்து ‘விளையாட்டு முன்மாதிரி’ என்பது இன்னும் மோசம். பொம்மைக் கார் போல ஒலிக்கிறது. பொருளைப் பார்த்தால் ‘தனிவடிவப் பந்தயக் கார்’ எனலாம். முதல் முறை எழுதும்போது புரோட்டோடைப் என்பதையும் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். பி4, 412 பி ஆகியவை பெயர்கள். அவற்றை மொழிபெயர்க்க வேண்டாம்.